பால்டிமோர் பாலம் ஏன் சில நொடிகளில் விழுந்தது?

2024 மார்ச் 26 அன்று பின்னிரவு ஒன்றரை மணிக்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூண் ஒன்றில் மோதியது. மோதிய சில நொடிகளில் பாலத்தின் நடுப்பகுதி முழுவதும் படாப்ஸ்கோ ஆற்றுக்குள் சரிந்தது. பாலத்தின் மேல் சாலைக் குழிகளை அடைக்கும் வேலைக்கு வந்திருந்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள்.

பாலம் விழும் காணொளியை உலகமே பார்த்தது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாலம் ஏற்கெனவே உளுத்துப்போயிருந்தது என்றார்கள். கணினி வழியாக யாரோ கப்பலைக் கைப்பற்றிவிட்டார்கள் என்றார்கள். கப்பலில் இருந்த 21 பணியாளர்களில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையைச் சேர்ந்தவர் என்பது தெரிந்ததும் அவர்களை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரங்கள்கூட வெளிவந்தன. கப்பல் கொழும்பை நோக்கிப் புறப்பட்டிருந்ததால் நம் பக்கத்திலும் இது நிறையப் பேசப்பட்டது. ஆனால் மேலே சொன்ன மூன்று பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்க அரசின் விபத்து விசாரணை அமைப்பான தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஏறத்தாழ இருபது மாத விசாரணைக்குப் பிறகு 2025 நவம்பரில் தன் முடிவுகளை அறிவித்தது. அதன் அடிப்படையில், பொறியியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இந்த விபத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. கப்பல் ஏன் தூணை நோக்கிப் போனது? ஒரு தூண் போனதற்கு ஏன் அவ்வளவு நீளப் பாலமும் விழுந்தது? அந்தத் தூணுக்கு முன்னால் கப்பலைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு ஏன் எதுவும் இருக்கவில்லை? பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் மூன்றாவதுதான் மிக முக்கியமான கேள்வி.

கப்பலை ஏன் நிறுத்த முடியவில்லை?

டாலி ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள கப்பல். அன்று அதில் சுமார் 4,700 கன்டெய்னர்கள் இருந்தன. கப்பலும் சரக்குமாகச் சேர்ந்து எடை ஏறத்தாழ 1,12,000 டன். தூணில் மோதியபோது அதன் வேகம் மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர் மட்டுமே. “இவ்வளவு மெதுவாக வந்ததா பாலத்தைச் சாய்த்தது?” என்ற வியப்பு இங்கேதான் பிறக்கிறது.

நகரும் எந்தப் பொருளும், நகர்வதாலேயே ஓர் ஆற்றலைச் சுமந்து செல்கிறது. அதற்கு இயக்க ஆற்றல் என்று பெயர். எடையும் வேகமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. டாலியின் எடையையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டால், 40 டன் எடையுள்ள லாரி ஒன்று மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும்போது வெளிப்படும் ஆற்றலைப் போல அறுபது மடங்குக்கு மேல் வருகிறது. அறுபது லாரிகள் ஒரே நேரத்தில் ஒரே தூணில் மோதியதற்குச் சமமான அடி அது.

கப்பலுக்கு பிரேக் கிடையாது. சக்கரமும் தரையும் உரசுவதால் லாரி நிற்கிறது. தண்ணீரில் அந்த உரசல் இல்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பின்னால் உள்ள புரொபெல்லரை எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும், அதற்கு எஞ்சின் ஓட வேண்டும். திசை திருப்புவதற்கு இருக்கும் சுக்கானும் புரொபெல்லரை நம்பியே இருக்கிறது. புரொபெல்லர் பின்னோக்கித் தள்ளும் நீர் சுக்கான் பலகையில் வேகமாகப் பட்டால்தான் கப்பல் சரியாகத் திரும்பும். எஞ்சின் நின்றுவிட்டால் சுக்கானைத் திருப்பினாலும் கப்பல் முழுமையாகக் கீழ்ப்படியாது.

நங்கூரத்தைப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். போட்டார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலை நிறுத்துவதற்கான கருவியல்ல நங்கூரம். நீரின் ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளமான சங்கிலி அடிமண்ணில் படுத்துக் கிடக்கும்போதுதான் அது நன்றாகப் பிடிக்கும். சில நூறு மீட்டர் தூரமே மீதமிருக்கும்போது, லட்சம் டன்னுக்கு மேல் எடையுள்ள கப்பலை அது இழுத்து நிறுத்த வழியில்லை.

சுருக்கமாக: எடை மிகுந்த கப்பல் மெதுவாக வந்தாலும் அடி பெரிது, எஞ்சின் நின்ற கப்பலை நிறுத்தவும் முடியாது, நம்பகமாகத் திருப்பவும் முடியாது.

ஒரு கம்பியும் ஒரு பம்பும்

இனி, எஞ்சின் ஏன் நின்றது என்பதைப் பார்க்கலாம். பெரிய கப்பலின் முதன்மை எஞ்சின் பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான். ஆனால் அதற்குக் குளிர்நீரும் மசகு எண்ணெயும் எரிபொருளும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பம்புகள் மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்த மின்சாரத்தைத் தனி ஜெனரேட்டர்கள் தருகின்றன. கப்பலில் மின்சாரம் நின்றுபோவதை மாலுமிகள் பிளாக்அவுட் என்பார்கள். பிளாக்அவுட் ஆனால் பம்புகள் நிற்கும். பம்புகள் நின்றால், தன்னைக் காத்துக்கொள்ள எஞ்சின் தானாகவே அணைந்துவிடும்.

பின்னிரவு 1.25 மணியளவில், பாலத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில், டாலியில் முதல் பிளாக்அவுட் ஏற்பட்டது. விளக்குகள் அணைந்தன, எஞ்சின் நின்றது. பணியாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் மின்சாரத்தை மீட்டார்கள். ஆனால் பாலத்துக்கு முந்நூறு மீட்டர் சொச்சம் இருக்கும்போது இரண்டாவது முறையாக மின்சாரம் போனது. எஞ்சினை மறுபடி ஓடவைக்க நேரமே இருக்கவில்லை.

முதல் பிளாக்அவுட்டுக்கு வாரியம் கண்டுபிடித்த காரணம், சரியாகப் பொருந்தாத ஒரு சிக்னல் கம்பி. கப்பலின் மின்பலகையில் ஆயிரக்கணக்கான கம்பிகள் இருக்கின்றன. எது எந்தக் கம்பி என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் நுனியிலும் எண் எழுதிய சிறு பட்டை ஒன்றை மாட்டியிருப்பார்கள். இந்த ஒரு கம்பியில் அந்தப் பட்டை நுனிக்கு மிக அருகே மாட்டப்பட்டிருந்தது. கம்பி இணைப்புத் துளைக்குள் முழுமையாக இறங்குவதற்கு முன்பே பட்டை முட்டி நின்றுவிட்டது. பார்வைக்குப் பொருந்தியது போலவே இருந்த அந்த இணைப்பு உள்ளே அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றிரவு தொடர்பு விட்டது, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் தானாக விழுந்தது, கப்பல் இருண்டது. ஆயிரக்கணக்கான இணைப்புகளில் இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பதை வாரியமே ஒப்புக்கொள்கிறது. தளர்ந்த இணைப்பு சூடாகும் என்பதால் வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புக் கேமராவால் சோதித்திருந்தால் தெரியவந்திருக்கலாம்.

இரண்டாவது பிளாக்அவுட்டுக்குக் காரணம் வேறு. ஜெனரேட்டர்களுக்கு டீசல் அனுப்ப, அந்த வேலைக்கென்று உள்ள பம்புக்குப் பதிலாக, குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்வதற்கான பம்பு பயன்படுத்தப்பட்டு வந்தது. மின்சாரம் போய்த் திரும்பினால் முறையான பம்பு தானாக ஓடத் தொடங்கும். கழுவும் பம்பு தொடங்காது, யாராவது போய் இயக்க வேண்டும். முதல் பிளாக்அவுட்டில் நின்ற அந்தப் பம்பு நின்றபடியே இருந்தது. ஜெனரேட்டர்கள் குழாயில் மிச்சமிருந்த டீசலில் சற்று ஓடி, எரிபொருள் அழுத்தம் குறைந்ததும் நின்றுவிட்டன. கம்பியின் பிழை கண்ணுக்குத் தப்பக்கூடியது. பம்பை இப்படிப் பயன்படுத்தியது தெரிந்தே நடந்த பழக்கம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

விபத்துக்கு முதல் நாள், கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்தபோதும் இரண்டு முறை மின்சாரம் நின்றிருந்தது. அவற்றில் முதலாவது, பராமரிப்பின்போது ஓர் ஜெனரேட்டர் எஞ்சினின் புகைவழி தவறுதலாக அடைக்கப்பட்டதால் ஏற்பட்டது. ஆற்றில் நடந்ததற்கு அது காரணமல்ல.

சுருக்கமாக: அரைகுறையாகப் பொருந்திய கம்பி முதல் இருட்டையும், தானாகத் தொடங்காத பம்பு இரண்டாவது இருட்டையும் கொண்டுவந்தன. கணினித் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை.

ஒரு தூணுக்காக ஏன் முழுப் பாலமும் விழுந்தது?

நீளமான மூங்கில் ஏணி ஒன்றைத் தரையில் வரிசையாக வைத்த நான்கு கற்களின் மேல் கிடத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கற்கள் இரு முனைகளிலும், இரண்டு உள்ளேயும் இருக்கின்றன. ஏணி ஒரே துண்டு. ஆகவே ஒரு பகுதியில் ஏறி நின்றால் அந்தப் பாரத்தை அடுத்த பகுதிகளும் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளும். அதே தூரத்தை மூன்று தனிக் குட்டை ஏணிகளால் நிரப்பியிருந்தால் இந்தப் பகிர்வு இருக்காது. ஒவ்வொன்றும் கூடுதல் கனமாக இருக்க வேண்டியிருக்கும். இப்போது உள்ளே இருக்கும் கற்களில் ஒன்றை யாராவது உதைத்துத் தள்ளினால் என்ன ஆகும்? ஏணி அந்த இடத்தில் தாங்கலின்றி இரண்டு பகுதிகளின் தூரத்தையும் தனியாகக் கடக்க வேண்டிவரும். அவ்வளவு நீளத்துக்கு அந்த மூங்கில் செய்யப்படவில்லை. அது ஒடியும். ஒடிந்ததும், மறுபக்கத்துப் பகுதியும் தன் சமநிலையை இழக்கும்.

கீ பாலத்தின் நடுப்பகுதி இப்படித்தான் இருந்தது. எஃகுச் சட்டங்களை முக்கோணங்களாகப் பிணைத்து அமைக்கும் கட்டமைப்பை டிரஸ் என்கிறோம். ஒரே டிரஸ் பல தூண்களின் மேல் இடையில் துண்டிக்கப்படாமல் நீண்டு போனால் அது தொடர் டிரஸ். கீ பாலத்தின் தொடர் டிரஸ் நான்கு தூண்களின் மேல் நின்றது. உள் தூண்கள் இரண்டுக்கும் இடையே 1,200 அடி, அதாவது 366 மீட்டர். இரு பக்கங்களிலும் தலா 722 அடி. கப்பல் மோதியது உள் தூண்கள் இரண்டில் ஒன்றில். அந்தத் தூண் போனதும் டிரஸ் 1,900 அடிக்கு மேற்பட்ட வெளியைத் தனியாகத் தாண்ட வேண்டியதாயிற்று.

காணொளியைப் பொறுமையாகப் பார்த்தால் வரிசை தெரியும். அடிபட்ட தூணின் இருபுறமும் உள்ள பகுதிகள் முதலில் இறங்குகின்றன. அடிபடாத தூணுக்கு அப்பால் உள்ள பகுதி அதன் பிறகே விழுகிறது. அந்தக் கடைசிப் பகுதியைக் கப்பல் தொடவே இல்லை. தன்னோடு பிணைந்திருந்த மறுபாதியின் எடை போனதால் அது சரிந்தது.

இதிலிருந்து சிலர் தொடர் டிரஸ் பாலங்களே மோசமானவை என்று முடிவுகட்டினார்கள். அது நியாயமில்லை. குறைந்த எஃகில் பெரிய இடைவெளியைத் தாண்டும் அருமையான வடிவம் அது. 1977 மார்ச்சில் திறக்கப்பட்ட கீ பாலம் நாற்பத்தேழு ஆண்டுகள் நாள்தோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் சுமந்தது. விபத்துக்கு முந்தைய சோதனைகளிலும் திருப்திகரமான நிலையில் இருப்பதாகவே மதிப்பிடப்பட்டிருந்தது. ஓர் உறுப்பு போனால் பாரம் வேறு வழியாகக் கீழிறங்க இடமிருப்பதைப் பொறியாளர்கள் மாற்றுப் பாரவழி என்பார்கள். டிரஸ்ஸில் சட்டங்களைக் கூட்டி அத்தகைய வழியைச் சேர்க்கலாம். ஆனால் முதன்மைத் தூணே போய்விட்டால், எந்த வகைப் பாலமானாலும் அந்தத் தூணின் மேல் இருந்த பகுதி நிற்பது அரிது. அதனால், பாலத்தை இன்னும் வலுவாகக் கட்டியிருக்கலாம் என்பது இந்த விபத்துக்குச் சரியான விடையாகாது. கப்பல் தூணைத் தொடாதபடி செய்திருக்க வேண்டும்.

தூணைக் காப்பது எப்படி?

தூணைக் கப்பலிடமிருந்து காக்கச் சில வழிகள் உண்டு. தூணைச் சுற்றிக் கல்லைக் கொட்டி நீருக்கடியில் ஒரு செயற்கைத் தீவை எழுப்பலாம். தடம் மாறி வரும் கப்பல் தூணை எட்டும் முன்பே அதில் தரைதட்டி நிற்கும். இன்னொன்று டால்ஃபின். அந்தக் கடல் உயிரினத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தூணுக்கு முன்னால் ஆற்றுப்படுகையில் தனியாக நிறுத்தப்படும், கல்லும் கான்கிரீட்டும் நிரம்பிய பெரிய வட்ட அரணுக்குத் துறைமுகத்தார் வழங்கும் பெயர் அது. கப்பலின் அடியை அது வாங்கிக்கொள்ளும் அல்லது கப்பலைத் திசை திருப்பிவிடும். மூன்றாவது வழி, நீண்ட இடைவெளியுள்ள பாலத்தைக் கட்டி, தூண்களைக் கப்பல் வழியிலிருந்து தள்ளி வைப்பது.

கீ பாலத்துக்கும் டால்ஃபின்கள் இருந்தன. நான்கே நான்கு, ஒவ்வொன்றும் சுமார் 25 அடி அகலம். டாலி சாய்வாக வந்ததால் அவற்றில் எதிலும் சிக்காமல் நேராகத் தூணை அடைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சொல்கிறேன்: அண்டை மாநிலத்தில் உள்ள டெலவேர் நினைவுப் பாலத்துக்கான புதிய டால்ஃபின்கள் ஒவ்வொன்றும் 80 அடி அகலம் கொண்டவை.

இந்த ஆபத்து எவருக்கும் தெரியாததாகவும் இருக்கவில்லை. 1980 மே 9 அன்று புளோரிடாவின் டாம்பா விரிகுடாவில், புயல் மழைக்கிடையே ‘சம்மிட் வென்ச்சர்’ என்ற சரக்குக் கப்பல் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் தூணில் மோதியது. பாலம் உடைந்து 35 பேர் இறந்தார்கள். அதன் பாதிப்பில் அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் 1991இல் ஒரு கணக்கீட்டு முறையை வெளியிட்டது. எத்தனை கப்பல்கள், எவ்வளவு பெரியவை, என்ன வேகத்தில் செல்கின்றன, தூண் வழியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பவற்றை வைத்து, ஓராண்டில் பாலம் கப்பலால் இடிந்துவிழும் வாய்ப்பு எவ்வளவு என்று அது கணக்கிடும். முக்கியமான பாலங்களுக்கு அந்த வாய்ப்பு ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 1994 முதல் புதிய பாலங்களுக்கு இது கட்டாயமானது. பழைய பாலங்களுக்கு வெறும் பரிந்துரையாக நின்றுவிட்டது.

கீ பாலம் பழையது. அதற்கு அந்தக் கணக்கு போடப்படவே இல்லை. விபத்துக்குப் பிறகு வாரியமே போட்டுப் பார்த்தது. வந்த விடை, ஏற்கத்தக்க எல்லையைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. என்னை மிகவும் வருத்துவது இந்த எண்தான், ஏனென்றால் இதற்குத் தேவையான தகவல் எல்லாம் பல ஆண்டுகளாகக் கையிலேயே இருந்தது.

அதைவிடக் கூர்மையான எச்சரிக்கையும் வந்திருந்தது. சன்ஷைன் ஸ்கைவே விழுந்த அதே 1980இல், ஆகஸ்ட் மாதம், ‘புளூ நகோயா’ என்ற கன்டெய்னர் கப்பல் கட்டுப்பாட்டை இழந்து இதே கீ பாலத்தின் தூணில் மோதியது. சேதம் சிறிதாக இருந்தது, ஏனென்றால் கப்பல் சிறியது: நீளம் சுமார் 390 அடி. டாலியின் நீளம் 984 அடி. இடைப்பட்ட நாற்பத்து நான்கு ஆண்டுகளில் பாலமும் அதன் அரண்களும் அப்படியே இருக்க, அதன் கீழே போகும் கப்பல்கள் வளர்ந்துகொண்டே வந்தன.

சுருக்கமாக: தூணைக் காக்கும் வழியும் தெரிந்திருந்தது, ஆபத்தை அளக்கும் முறையும் இருந்தது. பழைய பாலம் என்பதால் இரண்டும் அதற்கு வந்து சேரவில்லை.

அந்த நான்கு நிமிடங்கள்

துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்த, அந்த நீர்வழியை நன்கறிந்த உள்ளூர் நிபுணர் ஒருவர் கப்பலில் ஏறுவார். அவரைப் பைலட் என்பார்கள். டாலியில் அன்று ஒரு முதுநிலைப் பைலட்டும் ஒரு பயிற்சிப் பைலட்டும் இருந்தார்கள். மின்சாரம் போனதும் சுக்கானை இடப்பக்கம் திருப்பவும் நங்கூரத்தை இறக்கவும் உத்தரவிட்டார்கள். இழுவைப் படகை அழைத்தார்கள். பாலத்தை மூடச் சொல்லித் தகவல் அனுப்பினார்கள். அந்தத் தகவலால் காவலர்கள் இரு முனைகளிலும் வண்டிகளை நிறுத்தினார்கள். அதனால் பயணிகள் எவரும் ஆற்றில் விழவில்லை. கப்பலில் இருந்தவர்கள் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டார்கள் என்று பேசியவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் பாலத்தின் நடுவில் ஏழு தொழிலாளர்களும் ஒரு பணி ஆய்வாளரும் இருந்தார்கள். தொழிலாளர்கள் இடைவேளையில் தங்கள் வண்டிகளுக்குள் அமர்ந்திருந்தார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளிலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள் அவர்கள். அவர்களை நேரடியாக எச்சரிக்க ஏற்பாடு எதுவும் இல்லை. வண்டிகளை நிறுத்திய காவலர் ஒருவர், மாற்றுக் காவலர் வந்ததும் தானே மேலே சென்று அவர்களை அழைத்து வருவதாக வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் பாலம் விழுந்துவிட்டது. பணி ஆய்வாளர் ஓடித் தப்பினார். ஒரு தொழிலாளர் காயத்துடன் மீட்கப்பட்டார். மற்ற ஆறு பேரும் இறந்தார்கள். காவலர்களுக்குத் தகவல் போன அதே நேரத்தில் தொழிலாளர்களுக்கும் போயிருந்தால், விழாத பகுதிக்கு வண்டியை ஓட்டிச் செல்ல அவர்களுக்கு நேரம் இருந்திருக்கலாம் என்று வாரியம் சொல்கிறது. உயிரிழப்புக்குத் துணைபோன காரணங்களில் ஒன்றாக இந்தத் தகவல் தொடர்பின் குறையையும் அது குறிப்பிடுகிறது.

இப்போது என்ன நடக்கிறது?

சுமார் 50,000 டன் இடிபாடுகளை அகற்றி, 2024 ஜூன் 10 அன்று கப்பல் வழி முழு அகலத்துக்கும் ஆழத்துக்கும் திறக்கப்பட்டது. அதே இடத்தில் எழும் புதிய பாலம் கேபிள் தாங்கு பாலம். உயர்ந்த கோபுரங்களிலிருந்து சாய்வாக இறங்கும் எஃகுக் கேபிள்கள் சாலைத்தளத்தைத் தூக்கிப் பிடிக்கும். அதன் நடு இடைவெளி 1,600 அடிக்கு மேல் இருக்கும். ஆகவே தூண்கள் கப்பல் வழியிலிருந்து இன்னும் தள்ளிப் போகும். தூண்களைச் சுற்றிப் பெரிய அரண்களும் அமையும். 2025 நவம்பரில், பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி செலவு 430 கோடி முதல் 520 கோடி டாலர் வரை ஆகும். பாலம் 2030இன் இறுதியில் திறக்கப்படும் என்றும் அப்போது மதிப்பிடப்பட்டது.

இதற்கிடையே, இதேபோல ஒருபோதும் கணக்கிடப்படாத 68 பாலங்களை 19 மாநிலங்களில் அடையாளம் கண்டு, அவற்றின் ஆபத்தை உடனே அளந்து பார்க்கும்படி 2025 மார்ச்சில் வாரியம் கேட்டுக்கொண்டது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலமும் நியூயார்க்கின் புரூக்ளின் பாலமும் அந்தப் பட்டியலில் இருந்தன. பட்டியலில் இருப்பதால் ஒரு பாலம் விழப்போகிறது என்று பொருளில்லை. ஆபத்து எவ்வளவு என்பது அதுவரை அளக்கப்படவில்லை என்றே பொருள்.